கல் எடைக்கு, பூச்சு தண்ணீருக்கு: வாசகர் கேள்வி – பதில்

தோட்டத்துத் தண்ணீரைச் சேமிப்பது பற்றி எழுதிய பகுதியில், கல்லால் கட்டிய தொட்டியைப் பற்றி இரண்டே வரி சொல்லியிருந்தேன். அந்த இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி. என் அப்பா கல் கொத்தனார். பத்து வயதில் அவருக்குச் சில்லுக் கல் பொறுக்கிக் கொடுக்க ஆரம்பித்தவள் நான். பிறகு கட்டுமானப் பொறியியல் படித்தேன். அவர் கையில் கற்றதும் படித்துத் தெரிந்ததும் சேர்ந்ததுதான் கீழே உள்ள பதில்கள்.

அன்புள்ள அக்கா, நிலத்தைத் திருத்தியபோது கிடைத்த கருங்கல் மலைபோல் குவிந்து கிடக்கிறது. அதைக் கொண்டு 25,000 லிட்டர் கொள்ளும் தொட்டி கட்ட ஆசை. இடத்தை அடைக்கக் கூடாது என்பதால் 3 மீட்டர் பக்கமுள்ள சதுரமாக, 2.8 மீட்டர் ஆழத்தில், தரைக்கு மேலே திட்டமிட்டிருக்கிறோம். சுவர் 45 செ.மீ. கனம். கருங்கல் என்பதால் இது தாங்கும்தானே?

தாங்காது, தம்பி. அந்த அளவில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியிருந்தால்கூட நிறுத்திவிடுங்கள்.

கருங்கல்லின் உறுதியைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்த உறுதியெல்லாம் மேலிருந்து அமுக்கும்போதுதான். தண்ணீர் கல்லை அமுக்குவதில்லை. சுவரை வெளியே தள்ளுகிறது. தள்ளும்போது எதிர்த்து நிற்பது கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள கலவையும், சுவரின் எடையும். கலவையின் இழுவிசைத் தாங்குதிறன் மிகக் குறைவு. மிச்சமிருப்பது எடை மட்டும்.

கணக்கைப் பாருங்கள். தண்ணீரில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒரு சதுர மீட்டரில் ஒரு டன் அழுத்தம். உங்கள் 2.8 மீட்டர் தொட்டியின் அடியில் அது 2.8 டன். மேலே பூஜ்யத்தில் தொடங்கி அடியில் 2.8 வரை ஏறும் இந்த அழுத்தத்தைக் கூட்டினால், ஒவ்வொரு மீட்டர் நீளச் சுவரையும் கிட்டத்தட்ட 3.9 டன் வெளியே தள்ளுகிறது. அந்தத் தள்ளுதல் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வேலை செய்கிறது. சுவரைக் கவிழ்க்க அது காட்டும் திருப்பம், அதாவது தள்ளுதலை அந்த உயரத்தால் பெருக்கினால் வருவது, சுமார் 3.7 டன்-மீட்டர். உங்கள் 45 செ.மீ. சுவரின் எடை மீட்டருக்கு மூன்று டன். அந்த எடை கவிழாமல் பிடித்து நிற்கும் திருப்பம் 0.7 டன்-மீட்டர்கூட இல்லை. ஐந்துக்கு ஒன்று என்ற வித்தியாசம். மூலைகள் பக்கத்துச் சுவரைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், உண்மைதான். நடுச்சுவரைக் காப்பாற்ற அது போதாது.

இதில் கவனிக்க வேண்டியது, தொட்டி மூன்று மீட்டர் அகலமா முப்பது மீட்டர் அகலமா என்று தண்ணீர் பார்ப்பதில்லை. அது பார்ப்பது ஆழத்தை மட்டும். ஆழம் இரட்டித்தால் தள்ளுதல் நான்கு மடங்கு, கவிழ்க்கும் திருப்பம் எட்டு மடங்கு. அதனால்தான் நான் யாரிடமும் முதலில் கேட்பது, "எவ்வளவு லிட்டர்?" என்பதல்ல, "எவ்வளவு ஆழம்?"

இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. எனக்குப் பத்தொன்பது வயது இருக்கும். அப்பா ஒரு தோட்டத்தில் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குக் கல் தொட்டி கட்டியிருந்தார். அடியில் ஒரு மீட்டர் கனம், வெளிப்பக்கம் சரிந்து மேலே 45 செ.மீ.யாகக் குறையும் சுவர். இரண்டு வருடம் சொட்டுக்கூடக் கசியவில்லை. பிறகு தோட்டக்காரர் தண்ணீர் போதவில்லை, இன்னும் ஒரு மீட்டர் ஏற்றிக் கொடுங்கள் என்றார். அப்பா தயங்கினார். சுவர்தான் இத்தனை கனமாக இருக்கிறதே என்று தோட்டக்காரர் மறுபடி மறுபடி சொல்ல, அப்பா மனம் இளகி ஒப்புக்கொண்டார். ஏற்றிய வேலை அருமையான வேலை. ஒவ்வொரு கல்லும் அளவெடுத்து உட்கார்ந்தது. நிரப்பிய மூன்றாம் நாள் இரவு நீளச் சுவரின் நடுப்பகுதி சாய்ந்து தண்ணீரோடு போய்விட்டது. நல்லவேளை, அந்தப் பக்கம் ஆள் யாரும் இல்லை. காலையில் நாங்கள் போனபோது மூலைகள் நான்கும் அப்படியே நின்றன, நடுவில் மட்டும் வாய் திறந்தாற்போல. அப்பா ஒன்றும் பேசவில்லை. சிதறிய கல்லைத் தானே பொறுக்கி அடுக்க ஆரம்பித்தார்.

படிக்கப் போன பிறகு அந்தத் தொட்டிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றரை மீட்டரிலிருந்து இரண்டரை மீட்டர் ஆனதும் கவிழ்க்கும் திருப்பம் நாலரை மடங்குக்கு மேல் கூடியிருந்தது. நாங்கள் கூட்டியது ஒரு மீட்டர் கல். தண்ணீர் கூட்டியது நாலரை மடங்கு பலம்.

உங்களுக்கு இரண்டு வழி உண்டு.

முதல் வழி, எடையால் நிற்கும் சுவர். சுவரின் எந்த இடத்திலும் இழுவிசை வராமல் இருக்க, அடிக்கனம் தண்ணீர் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு ஒரு மீட்டர் அடிக்கனம். உள்பக்கம் நேர்குத்தாகவும் வெளிப்பக்கம் சரிவாகவும் கட்டினால் மேலே 45 செ.மீ. போதும், கல்லும் மிச்சமாகும். 25,000 லிட்டருக்கு உள்ளே 4.1 மீட்டர் சதுரம் வரும். இதற்குச் சுமார் 21 கன மீட்டர் கல்கட்டு பிடிக்கும், எடை ஐம்பது டன்னைத் தாண்டும். மலைபோல் குவியல் என்கிறீர்களே, அது உண்மையானால் உங்களுக்கு இதுதான் பொருத்தம். கம்பி வேண்டாம், துருப்பிடிக்க ஒன்றுமில்லை.

இரண்டாவது வழி, வட்டம். அதே ஒன்றரை மீட்டர் ஆழம், உள்விட்டம் 4.6 மீட்டர். ஒரே பரப்புக்கு வட்டத்தின் சுற்றளவு சதுரத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைவு, மூலையும் இல்லை. ஆனால் வட்டச் சுவரைத் தண்ணீர் பீப்பாயைப் போல விரிக்கப் பார்க்கும். பீப்பாய்க்கு இரும்புப் பட்டை எதற்கு? அதே வேலைக்குத்தான் இங்கே கம்பி வேண்டும். அடிமட்டத்தில் ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 3.5 டன் இழுவை வரும். வெளியே 30 செ.மீ. கல் முகம், உள்ளே 10 செ.மீ. கான்கிரீட், அந்தக் கான்கிரீட்டுக்குள் 8 மி.மீ. கம்பி வளையம், அடிப்பாதியில் 15 செ.மீ.க்கு ஒன்று, மேல்பாதியில் 25 செ.மீ.க்கு ஒன்று என்பது நான் கட்டிக் கொடுக்கும் முறை. கம்பி சேரும் இடத்தில் அரை மீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். எல்லாச் சேர்க்கையும் ஒரே நேர்கோட்டில் வரக் கூடாது. வெறும் கலவையில் கம்பியைப் புதைக்காதீர்கள். சில வருடத்தில் ஈரம் எட்டி, துருப்பிடித்து, கல்லையே பிளக்கும்.

எந்த வழியானாலும் உங்கள் மண்ணைப் பார்த்த ஒரு பொறியாளரிடம் அளவுகளைக் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

கிணற்றுக்கு வெறும் கல்லை அடுக்கி, கலவையே இல்லாமல் கட்டியிருக்கிறார்கள், நூறு வருடமாக நிற்கிறது. தொட்டிக்கு மட்டும் ஏன் இத்தனை ஏற்பாடு?

அருமையான கேள்வி. கிணறும் வட்டம், தொட்டியும் வட்டம். ஆனால் கிணற்றில் மண் சுவரை உள்ளே தள்ளுகிறது. வட்டத்தை வெளியிலிருந்து அமுக்கினால் கற்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பூட்டிக்கொள்ளும். எவ்வளவு அமுக்கினாலும் இன்னும் இறுகும். தரைக்கு மேலுள்ள தொட்டியில் தண்ணீர் வெளியே தள்ளுகிறது; கற்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகப் பார்க்கும்.

இதை நமக்குச் சாதகமாக்கலாம். சரிவான நிலமாக இருந்தால் தொட்டியைப் பாதிக்கு மேல் மண்ணில் இறக்கிவிடுங்கள். நன்றாக இடித்து இறுக்கிய மண், தண்ணீரின் தள்ளுதலில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். அப்படிச் செய்தால் இரண்டை மறக்கக் கூடாது. தளர்ந்த மண்ணை அப்படியே அணைத்துவிட்டு அதை நம்பக் கூடாது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறும் இடமானால், தொட்டியைக் காலியாக விடவும் கூடாது. அடியிலிருந்து நீர் தூக்கி, தளம் விரிசல்விடும். அப்படி உயர்ந்த தளத்தை நானே பார்த்திருக்கிறேன், வயிறு உப்பினாற்போல இருந்தது.

சுவரின் இரண்டு முகத்தையும் நல்ல கல்லால் கட்டிவிட்டு, நடுவில் சின்னக் கல்லையும் கலவையையும் கொட்டி நிரப்பலாம் என்கிறார் கொத்தனார். வேலை சீக்கிரம் முடியுமாம்.

சீக்கிரம் முடியும், சீக்கிரம் கசியும்.

அப்படிக் கட்டினால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு மீட்டர் சுவரல்ல, நடுவில் குப்பை வைத்த இரண்டு மெல்லிய சுவர்கள். எடை ஒன்றாகச் சேர்ந்து நின்றால்தான் முன்பு சொன்ன கணக்கு பலிக்கும். ஒவ்வொரு வரியிலும் நீளமான கற்கள் சுவரின் உள்ளே பாதிக்கு மேல் போக வேண்டும். ஒரு கல் உள்முகத்திலிருந்து, அடுத்தது வெளிமுகத்திலிருந்து, இரண்டும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார வேண்டும். வீட்டுச் சுவருக்கு முழுக் கனத்துக்கும் ஒரே கல்லைப் போடுவது வழக்கம். தண்ணீர்த் தொட்டிக்கு நான் அதைச் செய்வதில்லை. அந்தக் கல்லின் ஓரமாகவே ஈரம் ஒரு முகத்திலிருந்து மறு முகத்துக்கு நேராக நடந்து போகும்.

நடுவில் வரும் இடைவெளியில் முதலில் கலவை, பிறகு அதில் சில்லை அடித்து இறக்க வேண்டும். சில்லை முதலில் போட்டுவிட்டு மேலே கலவையைப் பூசினால் கீழே பொந்து நிற்கும். அப்பா கட்டி முடித்த வரியைக் கரணைப் பிடியால் தட்டிக்கொண்டே போவார். 'டொப்' என்று கேட்ட இடத்தைப் பிரித்து மறுபடி வைக்கச் சொல்வார். அன்று எனக்கு அது எரிச்சலாக இருக்கும். இன்று என் வேலையாட்களிடம் அதையே செய்கிறேன்.

கல்லை மண் போகக் கழுவி, ஈரமாக வையுங்கள். காய்ந்த கல் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும். ஒரு நாளில் 60 செ.மீ.க்கு மேல் ஏற்ற வேண்டாம். ஒரு பங்கு சிமென்ட்டுக்கு ஐந்து பங்கு மணல் கல்கட்டுக்குப் போதும். மணல் சுத்தமாக இருக்க வேண்டும். கல்லில் எது நல்லது என்று இன்னொரு வாசகி கேட்டிருக்கிறார்: சுத்தியால் தட்டினால் மணிபோல ஒலிக்கும் கல். உடைத்த புது முகத்தில் ஒரு துளி நீர் விடுங்கள். உடனே உறிஞ்சும் கல் வேண்டாம்.

ஐந்து வருடத்துக்கு முன் கட்டிய கல் தொட்டி, அக்கா. வெளிச்சுவரில் ஈரம் பூக்கிறது. ஈரம் தெரிந்த இடத்தில் வெளியே இரண்டு முறை சிமென்ட் பூசிவிட்டோம். கொஞ்ச நாளில் பக்கத்தில் வேறு இடத்தில் வருகிறது.

வெளியே பூசியது தண்ணீருக்குக் கதவை அடைத்ததாகாது. உள்ளே நுழைந்துவிட்ட தண்ணீருக்கு ஒரு வாசலை மூடினீர்கள், அது அடுத்த வாசலைத் தேடிக்கொண்டது. இப்போது சுவரின் வயிறு முழுக்க ஈரம்.

நான் அடிக்கடி சொல்வது இதுதான்: கல் எடைக்கு, பூச்சு தண்ணீருக்கு. தண்ணீரைத் தாங்குவது ஒன்று, தடுப்பது வேறு. கல்கட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதன் இணைப்புகளில் மயிரிழை விரிசல் இருக்கும். கல் கசியாது, இணைப்புதான் கசியும். தடுக்கும் வேலை முழுக்க உள்முகத்திலுள்ள இரண்டு அங்குலத்துக்கும் குறைவான பூச்சுடையது. அதைச் சரிசெய்யாமல் வேறெதைச் செய்தும் பயனில்லை.

முதலில் நிஜமாகவே கசிகிறதா, எவ்வளவு என்று பாருங்கள். திறந்த தொட்டியில் வெயிலிலும் நீர் குறையும். ஒரு வாளியில் தண்ணீர் எடுத்துத் தொட்டிக்குள் பலகையோ கல்லோ வைத்து, அதன்மேல் வாளி பாதி முழுகியபடி நிறுத்துங்கள். வாளிக்குள்ளும் வெளியேயும் நீர்மட்டத்தைப் பென்சிலால் கோடு போடுங்கள். மூன்று நாள் கழித்து இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது வெயில் குடித்த தண்ணீர். தொட்டியில் மட்டும் அதிகமாக இறங்கியிருந்தால் அந்த வித்தியாசம்தான் கசிவு.

கசிகிறது என்று உறுதியானால், தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். மட்டம் தானாக இறங்கி ஓரிடத்தில் நின்றுவிடும். அந்த மட்டத்தில், அல்லது அதற்குச் சற்று மேலேதான் ஓட்டை. சுற்றிலும் அந்த உயரத்தில் மட்டும் தேடினால் போதும். முழுதும் வற்றிவிட்டால் தளத்திலோ, தளமும் சுவரும் சேரும் மூலையிலோ இருக்கிறது. என் அனுபவத்தில் பெரும்பாலும் அந்த மூலைதான். காரணம் உண்டு: சுவரின் கீழே மண்ணின்மேல் விழும் பாரம் அதிகம், தளத்தின் கீழே குறைவு. சுவர் ஒரு சுண்டுவிரல் கனம் அதிகமாக இறங்கினாலும் மூலை பிரிந்துவிடும். புதிதாகக் கட்டுபவர்கள் சுவருக்கும் தளத்துக்கும் சேர்த்து ஒரே கம்பிக் கான்கிரீட் தளம் போட்டு, அதன்மேல் சுவரை எழுப்பினால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

சரிசெய்யும் முறை: விரிசலைப் பின்பற்றி இரண்டு அங்குலம் அகலத்துக்குக் கொத்தித் திறந்து, தூசு போகக் கழுவி அடையுங்கள். பிறகு உள்சுவர் முழுவதையும் கொத்திவிட்டுச் சொரசொரப்பாக்குங்கள். ஈரமாக்கி, சிமென்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமென்ட்) அடித்து, அது காயும் முன் முதல் பூச்சு, 12 மி.மீ. மறுநாள் இரண்டாவது பூச்சு, அதே கனம். கலவை ஒன்றுக்கு மூன்று. தளமும் சுவரும் சேரும் மூலையைக் கூர்மையாக விடாமல், ஒரு பாட்டிலை வைத்து உருட்டினாற்போல வளைத்துப் பூசுங்கள். கடைசியாகச் சிமென்ட் பால் தேய்த்து வழுவழுப்பாக்குங்கள். வேலையை ஓரிடத்தில் நிறுத்தும் நிலை வந்தால் மூலையில் நிறுத்தாதீர்கள். முதல் பூச்சு நின்ற இடத்திலேயே இரண்டாவது பூச்சும் நிற்கக் கூடாது.

பிறகு பத்து நாளாவது ஈரச் சாக்கு போர்த்தித் தண்ணீர் காட்டுங்கள். பூச்சு விரிசல்விட மிகப் பெரிய காரணம் மட்டமான சிமென்ட் அல்ல, முதல் இரண்டு நாள் வெயில்.

சிமென்ட் இல்லாமல் சுண்ணாம்பிலேயே தொட்டி கட்ட முடியுமா? பழைய கட்டடங்கள் அப்படித்தானே நிற்கின்றன?

முடியும். ஆனால் சுண்ணாம்பு மட்டும் போதாது.

சுண்ணாம்புக்கல்லை 900 டிகிரிக்குச் சுட்டு, தண்ணீர் விட்டு நீர்த்ததும் கிடைக்கும் சுண்ணாம்பு, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கி மெல்ல மறுபடி கல்லாகிறது. காற்றுப் படாத இடத்தில், தண்ணீருக்கடியில், அது இறுகாது. அதனுடன் நன்றாக அரைத்த செங்கல் தூள் சேர்த்தால் கதை மாறும். சுட்ட களிமண்ணிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு சேர்ந்து, நீரிலும் இறுகும் பொருளாகின்றன. இஸ்தான்புல்லில் 6ஆம் நூற்றாண்டில் கட்டிய நிலத்தடி நீர்த்தேக்கம் ஒன்று இன்றும் இருக்கிறது. 9 மீட்டர் உயரத்தில் 336 தூண்கள். அதன் செங்கல் சுவர் 4 மீட்டர் கனம், உள்ளே இப்படிப்பட்ட சாந்துப் பூச்சு. எடைக்கு ஒரு கனம், தண்ணீருக்கு ஒரு தோல் என்று அங்கேயும் பிரித்துத்தான் செய்திருக்கிறார்கள். 1750களில் ஜான் ஸ்மீட்டன் கடல் நடுவே எடிஸ்டோன் கலங்கரை விளக்கம் கட்டப் போனபோது, களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கிடைப்பது நீருக்கடியிலும் இறுகுவதைக் கண்டார். ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமென்ட்டுக்குக் காப்புரிமை பெற்றது அதற்குப் பிறகு, 1824இல்.

ஒரு பங்கு சுண்ணாம்புக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு செங்கல் தூள் சேர்க்கலாம். அளவுக்கு மீறி வெந்து கருத்த செங்கல் உதவாது, மிதமாக வெந்ததைப் பொடியுங்கள். பொறுமைதான் முக்கியம். பூச்சைப் பல வாரம் ஈரத்தில் வைக்க வேண்டும்; அவசரப்பட்டு நிரப்பினால் கரைந்து வந்துவிடும். சிமென்ட்டைவிட இது கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும் என்பதால், மெல்ல அசையும் பழைய கல்கட்டுக்கு எனக்கு இதுவே பிடிக்கும்.

குழாய்களைக் கடைசியில் சுவரைத் துளைத்து வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். கட்டும்போதே வையுங்கள், ஒவ்வொரு குழாயின் நடுவிலும் ஒரு வளையத் தகடு பற்றவைத்து, அது சுவருக்குள் புதையும்படி. குழாயின் வழுவழுப்பான வெளிமுகம் தண்ணீருக்கு நல்ல பாதை, தகடு அதைத் தடுக்கும். எடுக்கும் குழாய் தளத்திலிருந்து 15 செ.மீ. மேலே இருக்கட்டும், வண்டல் வராது. சேறு கழிக்கும் குழாய் தளத்தின் மிகத் தாழ்ந்த இடத்தில், தளம் அதை நோக்கி மீட்டருக்கு ஒரு செ.மீ. சரிந்து வரட்டும். வழிந்தோடும் குழாய், உள்ளே வரும் குழாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். அதில் விழும் நீர் சுவரின் அடிமண்ணை அரிக்காமல் தூரத்தில் போய் விழட்டும்.

தண்ணீர் பச்சையாகிறது. கொசுவும் வருகிறது.

மூடுங்கள். பாசிக்கு வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் இல்லையென்றால் பாசி இல்லை. கொசு முட்டையிலிருந்து பறக்க வெயில் காலத்தில் ஒரு வாரம், பத்து நாள் போதும், எனவே வழிகுழாய் வாயிலும் காற்றுத் துவாரத்திலும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கண் இல்லாத வலை கட்டுங்கள். மூடியில் பூட்டு இருக்கட்டும். குழந்தைகள் இருக்கும் இடத்தில் பூட்டில்லாத தொட்டியை நான் ஒப்படைத்ததே இல்லை.

மூடிய தொட்டியைச் சுத்தம் செய்ய ஆள் இறக்கப் போகிறோம். அடியில் சேறு அதிகம். டீசல் பம்பை உள்ளேயே இறக்கிவிட்டால் சீக்கிரம் இறைத்துவிடலாம் அல்லவா?

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் பதில் அச்சாகும்வரை காத்திராமல் உடனே எழுதி அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. மூடிய தொட்டிக்குள் சில நிமிடங்களிலேயே ஆளை மயக்கும். எஞ்சின் இல்லாவிட்டாலும், அழுகிய இலையும் சேறும் கிடக்கும் தொட்டியில் பிராணவாயு குறைந்திருக்கலாம், நச்சு வாயு தேங்கியிருக்கலாம். விளக்கை இறக்கிப் பார்த்தோம், அணையவில்லை என்று பலர் சொல்கிறார்கள். கார்பன் மோனாக்சைடு நிறைந்த இடத்திலும் விளக்கு எரியும். விளக்கை நம்பாதீர்கள்.

பம்பு வெளியே, தொட்டி வாயிலிருந்து தள்ளி நிற்கட்டும். உறிஞ்சு குழாய் மட்டும் உள்ளே போகட்டும். மின்பம்பானால் ஆள் தண்ணீரில் நிற்கும்போது மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். எல்லா மூடிகளையும் திறந்து, ஊதும் விசிறியால் வெகு நேரம் புதுக்காற்று செலுத்தி, வாயு அளக்கும் கருவி உள்ளவரைக் கொண்டு பார்த்த பிறகே இறங்க வேண்டும். இறங்குபவர் இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி மேலே ஆள். உள்ளே இருப்பவர் மயங்கினால் மேலே இருப்பவர் பதறி உள்ளே குதிக்கக் கூடாது. கயிற்றால் இழுக்க வேண்டும், உதவிக்கு அழைக்க வேண்டும். இப்படிப்பட்ட விபத்துகளில் காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து போய்விடுகிறார்கள். முடிந்தவரை ஆளே இறங்காமல், சேறு கழிக்கும் குழாயைத் திறந்து மேலிருந்து தண்ணீர் பீய்ச்சி வெளியேற்றப் பாருங்கள். அந்தக் குழாயைத் தாழ்ந்த இடத்தில் வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் தொட்டி கட்டி முடிந்தது, அம்மா. ஒன்றரை மீட்டர் ஆழம், நீங்கள் சொன்ன சரிவுச் சுவர். எப்போது நிரப்பலாம்?

வாழ்த்துகள்! பூச்சு முடிந்து மூன்று வாரமாவது ஆகட்டும். பிறகும் ஒரே நாளில் நிரப்ப வேண்டாம். முதல் நாள் அரை மீட்டர், நின்று பாருங்கள். அடுத்த நாள் இன்னொரு அரை மீட்டர். மூன்றாம் நாள் மீதி. முதல் வாரம் மட்டம் கொஞ்சம் இறங்கும், பயப்படாதீர்கள். காய்ந்த பூச்சும் கல்கட்டும் தங்கள் பங்கைக் குடிக்கின்றன. இரண்டாம் வாரத்தில் வாளிச் சோதனை செய்யுங்கள்.

முதலில் நிரப்பிய தண்ணீர் புதுச் சிமென்ட்டின் காரம் ஏறி வழுக்கலாக இருக்கும். மூன்று நாள் வைத்துக் கழித்துவிடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்த பிறகு குடிக்கவும் செடிக்கும் எடுங்கள். அந்தக் காரத் தண்ணீரைக் குட்டையிலோ ஓடையிலோ விடாதீர்கள், மீன்கள் தாங்காது.

அந்த விபத்துக்குப் பிறகு அப்பா எந்தத் தொட்டியானாலும் நிரப்பும் மூன்று இரவும் அங்கேயே தங்குவார். விடிவதற்கு முன் எழுந்து, வெளிச்சுவரைச் சுற்றி வந்து, கை மட்டத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே போவார். பனி இல்லாத நாளில் கல் காய்ந்திருக்க வேண்டும். எங்கே கை குளிர்ந்ததோ அங்கே சுண்ணாம்பால் ஒரு வட்டம் போடுவார். நீங்களும் வெயில் ஏறும் முன் பாருங்கள். வெயில் வந்துவிட்டால் ஈரம் மறைந்துவிடும்.